ஹெல்மந்துக்காரர் வைத்த முறை

அவரிடம் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "ஹெல்மந்த்" என்று மட்டும் சொல்வார். கேட்டவர் கொஞ்சம் செய்தி படிக்கிறவராக இருந்தால் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயோ, அங்கே பயங்கரச் சண்டையாமே" என்பார். அவ்வளவுதான், இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "சண்டை நடந்தது மாகாணத்தில். நான் சொன்னது ஆற்றை. ஆறுதான் முதலில் வந்தது. மாகாணம் பிறகு வந்து அதன் பெயரை எடுத்துக்கொண்டது. உங்களுக்கு இரண்டாவதாக வந்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் பார்க்கிங்கில் ஒரு டாக்டர் இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆப்கானிஸ்தானின் நடு மலையில் அந்த ஆறு எங்கே பிறக்கிறது, தெற்கே எந்தப் பாலைவனத்தின் ஓரமாக இறங்குகிறது, கடைசியில் கடலுக்கே போகாமல் ஈரான் எல்லை ஏரிகளில் எப்படிப் போய் அடங்குகிறது என்று டெக்ஸஸ் வெயிலில் நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். டாக்டரின் லஞ்ச் பிரேக் அதிலேயே முடிந்துபோனது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறார். பெயர் எங்கே எழுதப்பட்டிருந்தாலும் அது யார் கையிலாவது போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு. இத்தனைக்கும் அவர் வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. நான் அவரைக் காக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் முத்துப்பேட்டைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். அவர்கள் பாஷையில் அப்பாவின் கூடப்பிறந்தவருக்கு அதே சொல்லாம். "அண்ணனோ சித்தப்பாவோ, கூப்பிட்டுவிட்டாய், இருந்துவிட்டுப் போகிறேன்" என்றார். இப்போது குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். என்னிடம் இருக்கும் நம்பர் வேலை செய்வதில்லை.

அவருக்கு என்மேல் இருந்த முதல் மனக்குறை எனக்கு உருது தெரியாதது. இந்திய முஸ்லிம், உருது தெரியாதா என்று நம்பவே மாட்டேன் என்றார். "உங்கள் ஊரில் எல்லோரும் அரபியிலா பேசிக்கொள்கிறீர்கள்? எங்களுக்குத் தமிழ்தான்" என்று நானும் வெடுக்கென்று சொன்னேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. எதிர்த்துப் பேசுகிறவர்களைத்தான் அவர் மனிதர்களாகவே மதித்தார். தண்ணீருக்கு உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவருடைய பிக்கப் வந்து நின்றால் "தண்ணி!" என்று தெரு அதிர ஒரு சத்தம் கேட்கும். அவர் பேசியதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் பாதி ஆங்கிலமும் பாதி உருதுவுமாக அவர் சொன்னதில், ஆங்கிலத்தை வைத்து நான் புரிந்துகொண்டது.

டெக்ஸஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் எங்களுடையது டவுன்ஹவுஸ் குடியிருப்பு. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு வீடு. வரிசைகளுக்கு நடுவே பொதுப் புல்வெளி. அதற்குத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்ப்ரிங்ளர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு கம்பெனியோடு அசோசியேஷன் ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள்தான் இவர். இவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஐந்தாவது ஆறாவது வரிசைக்கு வரும்போது வெயில் தாங்காமல் போனைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிடுவார்கள். இவர் வந்த முதல் நாளே வண்டியை நேராகக் கடைசி வரிசைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே இறங்கி, முன்பக்கம் பார்த்து நடந்தார்.

எட்டாவது வரிசையில்தான் எங்கள் வீடு. அதனால் எனக்கு அது உடனே கண்ணில் பட்டது. ஏன் இப்படி என்று கேட்டேன். "முன்னால் இருக்கிறவனுக்கு வாய் இருக்கிறது, தண்ணீர் வராவிட்டால் கத்துவான். கத்தினால் எப்படியும் செய்துதான் ஆக வேண்டும். கத்தினால் கேட்காத தூரத்தில் இருப்பவனை முதலில் முடித்துவிட வேண்டும்" என்றார்.

இது அவருக்கு வேலை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. மனிதர் எதையுமே கடைசியிலிருந்துதான் தொடங்குவார். பள்ளிவாசலிலிருந்து நாலைந்து பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டால், வழியில் இருக்கும் வீடுகளை எல்லாம் தாண்டிப்போய் அதிக தூரத்தில் இருப்பவரை முதலில் இறக்கிவிட்டு, பிறகு ஒவ்வொருவராகத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இரண்டு நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் முக்கால் மணி நேரம் ஃப்ரீவேயில் சுற்றிவிட்டு வருவார். ஒருமுறை சிக்கியவர்கள் மறுமுறை அவரிடம் லிஃப்ட் கேட்கவில்லை. பெருநாள் அன்று பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கொடுக்கும் பொறுப்பை யாரோ அவரிடம் விட்டார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போனார். அடுத்த வருடம் பிள்ளைகள் உஷாராகி, கடைசி இடத்துக்கு முட்டி மோதினார்கள். அவர் அதையும் பார்த்துவிட்டு, சண்டைக்குப் போகாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்த பிள்ளைகளிடம் முதலில் போனார். என் மகளுக்கு அன்று கிடைத்தது உருகிப்போன பாதி. "ஹீ இஸ் ஸோ அன்ஃபேர், உம்மா" என்று வீடு வரும்வரை முனகினாள்.

எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. ஒருமுறை அவரையும் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். எல்லோரும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபிறகும் இவர் தொடவில்லை. சமையலறையில் நின்ற நான் வந்து உட்கார்ந்து, முதல் வாய் எடுத்தபிறகுதான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம். என் வீட்டுக்காரர் பசி பொறுக்காதவர். சூடு ஆறிய பிரியாணியை மென்றுகொண்டே, "ஒம் மாதிரியே ஒரு ஆள எங்கேர்ந்து புடிச்சே?" என்று என் காதைக் கடித்தார்.

சொந்த ஊரில் அவர் மீராப். வாய்க்கால் தண்ணீரை இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பிரித்துவிடுகிற ஆள். ஊரே கூடித் தேர்ந்தெடுக்கும் பதவி அது. அமெரிக்கா வந்து சேர்ந்த ஆப்கானியர் என்றால் ராணுவத்துக்கு மொழிபெயர்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். "நான் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மடை திறந்தேன், மடை மூடினேன்" என்பார். அந்த ஆற்றில் அணை கட்டி வாய்க்கால் வெட்ட ஒரு காலத்தில் அமெரிக்க எஞ்சினியர்கள்தான் வந்து இறங்கினார்களாம். அவர்களுக்காகவே ஒரு டவுன் எழும்பி, அதற்குக் குட்டி அமெரிக்கா என்றே பெயர் வந்ததாம். "அவர்கள் வந்து எங்களுக்குத் தண்ணீர் விடக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ரோட்டிலேயே கார் கழுவிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கரிடம் போய்க் குழாயை மூடச் சொன்னார். அந்த மனிதர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடு, அவரும் பார்க்கட்டும்" என்று அங்கேயே நின்றார் இவர். குழாய் மூடப்பட்டது.

இனி என் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். டெக்ஸஸின் இந்தப் பக்கம் மண் நம்முடைய கரிசலைப் போன்றது. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மண் சுருங்கினால் வீட்டின் அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கும். அதனால் கோடையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் விட வேண்டும், புல்லுக்காக அல்ல, சுவருக்காக. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், காலை பத்து மணிக்குள் மட்டும்தான் ஸ்ப்ரிங்ளர் ஓடலாம் என்று நகராட்சி உத்தரவு போட்டது. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் ஆறு மணிக்கு முதல் வரிசையில் ஆரம்பிக்கும். முதல் இரண்டு வரிசைக்கு முக்கால் முக்கால் மணி நேரம், மற்றதற்கெல்லாம் அரை மணி நேரம் என்று, தண்ணீரைத் தானாகத் திறந்து மூடும் பெட்டியில் பதிந்து வைத்திருந்தார்கள். எட்டாவது வரிசையின் முறை வரும்போது மணி பத்து அடித்துவிடும். பெட்டி தானாகவே நின்றுவிடும்.

ஜூன் மாதம் எங்கள் படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை. பிறகு நிலைப்படி மூலையிலிருந்து கூரையைப் பார்த்துக் குறுக்காக ஒரு விரிசல் கிளம்பியது. பக்கத்து வீட்டு வியட்நாம் பெரியவரின் சமையலறைத் தரையில் கோலிக்குண்டை வைத்தால் தானாக உருண்டது. நான் ஹோஸ் பிடித்துப் பார்த்தேன். பொது இடத்தில் ஹோஸ் போடக்கூடாது என்று அசோசியேஷனிலிருந்து லெட்டர் வந்தது. அஸ்திவாரத்தைத் தூக்கி நிறுத்த ஆகும் செலவை விசாரித்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. பதினொரு வருடச் சம்பாத்தியத்தில் நாங்கள் வாங்கிய ஒரே பொருள் அந்த வீடு.

அசோசியேஷன் பிரசிடென்ட், முதல் வரிசை ஒன்றாம் நம்பர் வீட்டு அங்கிள். பவானிக்காரர். மேட்டூர் திறந்த கையோடு தண்ணீரைப் பார்க்கிற ஊர் அவருடையது. பேப்பரில் மட்டும் பார்க்கிற கடைமடை ஊர் எங்களுடையது. இந்த வழக்கு எங்களோடு டெக்ஸஸ் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல மனிதர்தான், என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்த ரோஜாப் பாத்தி என்று வந்தால் வேறு ஆளாகிவிடுவார்.

"அம்மிணி, என்ட்ரன்ஸ் பச்சப்பசேல்னு இருந்தாத்தானுங்க நம்ம எல்லார்த்துக்கும் வேல்யூ. நீங்க ஒரு ரிக்வெஸ்ட் ஃபைல் பண்ணிப்போடுங்க, போர்டுல பாத்துக்கலாம்" என்றார். நான் மூன்று முறை ஃபைல் பண்ணினேன். மூன்றும் போர்டிலேயே இருந்தன.

காக்கா வந்தபோது சுவரைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. வெளியே போய், வீட்டை ஒட்டி மண் வெடித்திருந்த இடத்தில் குந்தி, வெடிப்புக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போனது. எழுந்தவர் நேராகக் கிளப்ஹவுஸ் பின்னால் இருந்த பெட்டிக்குப் போனார். பழைய முறையை அழித்தார். எட்டாவது வரிசையில் ஆரம்பித்து முதல் வரிசையில் முடியும்படி, எல்லா வரிசைக்கும் சரிசமமாக அரை மணி நேரம் என்று பதிந்தார். ஆறிலிருந்து பத்துக்குள் எட்டு அரை மணி. கச்சிதமாகப் பொருந்தியது.

ஒரு மாதத்தில் கதவைச் சாத்த முடிந்தது. விரிசல் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் செய்த காரியத்தை, இந்தியாவிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவருடைய மேனேஜருக்கு ஒரு அப்ரிசியேஷன் மெயில் அனுப்பினேன். யாராவது நமக்கு உதவி செய்தால் உடனே அவருடைய மேனேஜருக்கு எழுத வேண்டும், பெரிய தலைகள் எல்லோரையும் சி.சி.யில் போட வேண்டும், என்ன செய்தார் என்பதை விவரமாக எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்கு ஊட்டப்பட்டது இது. பழைய முறை என்ன, அவர் மாற்றிய முறை என்ன என்று பட்டியல் போட்டு எழுதினேன். கம்பெனி முதலாளியை சி.சி.யில் போட்டேன். யாரும் விடுபட்டுவிடக்கூடாதே என்று அசோசியேஷன் போர்டையும் போட்டேன்.

அங்கிள் அதுவரை ரோஜா வாடுவதற்கு வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மெயிலைப் படித்ததும் கம்பெனிக்கு போன் போட்டார். யார் அனுமதியில் முறையை மாற்றினீர்கள், ஒப்பந்தத்தை ரத்து செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காக்காவுக்கு வேலை போனது. அதற்கடுத்த நாள் வேறு ஒரு ஆள் வந்து பெட்டியைப் பழையபடி மாற்றிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே போனான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு பெரிய தட்டு நிறைய பிரியாணியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சின்ன அபார்ட்மென்ட். அவர் மனைவி பச்சை டீ கொண்டுவந்து வைத்தார். "என்னால்தான் காக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"எதற்கு அழுகிறாய்? நீ எழுதியதில் பொய் இருந்ததா?"

"இல்லை."

"நான் ஒளித்தா செய்தேன்? பட்டப்பகலில் பெட்டியைத் திறந்து செய்தேன். பழையபடி மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அதனால்தான் போகச் சொன்னார்கள். உன் மெயிலால் இல்லை." டீயைக் கீழே வைத்தார். "எங்கள் ஊரில் ஒருமுறை அப்படி மடையை மூடியிருக்கிறேன். துப்பாக்கியோடு வந்தவர்கள், கடைசி கிராமத்துக்குப் போகும் மடையை மூடு என்றார்கள். அந்தக் கிராமம் எதிராளிகளுக்குச் சோறு போடுகிறதாம். எந்தத் தரப்பு என்று கேட்காதே, இரண்டு தரப்பும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. மற்ற நேரம் எல்லாம் மறுத்தேன். அந்த ஒருமுறை அவர்கள் சொன்னதைக் கேட்டேன். முதலில் தர்பூசணிக் கொடி காய்ந்தது. பிறகு பருத்தி. பிறகு ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். என் வாய்க்கால் கரை மேல்தான் நடந்து போனார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை நான் மூட மாட்டேன். ஆறு ஹெல்மந்தாக இருந்தால் என்ன, உங்கள் ஊர்க் குழாயாக இருந்தால் என்ன?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"பழையபடி."

"நீ என்ன செய்தாய்?"

"நானா? ஒன்றும் செய்யவில்லை. உங்களைப் பார்க்க வந்தேன்."

அவருக்கு வந்தது பாருங்கள் கோபம். "அங்கே தண்ணீரைக் கைவிட்டுவிட்டு இங்கே சோற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாயா? என் வேலை போனால் இன்னொரு வேலை. உன் வீடு இறங்கினால் இன்னொரு வீடா? போ. உன் வாய்க்கால் அது. போய்ச் சண்டை போடு." வாசல் வரை வந்து, நான் காரில் ஏறும்வரை விரட்டினார். பிரியாணியை மட்டும் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கதவு கதவாகத் தட்டினேன். ஐந்தாவது வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு, அவர்களை விட எவ்வளவு அதிக நேரம் முன் வரிசைக்குப் போகிறது என்பதே தெரிந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளப்ஹவுஸில் கூட்டம். ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. எல்லா வரிசைக்கும் அரை மணி நேரம், பெட்டியின் சாவி இனி எட்டாவது வரிசையிடம் இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம். ஆங்கிலத்தில்தான் கூட்டம் நடந்தது. ஆனால் கோபம் வந்ததும் அங்கிளும் நானும் தமிழுக்குத் தாவிவிட்டோம். மற்றவர்கள் டென்னிஸ் பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்கம்மிணி, சாவி உங்க கைக்கு வந்தா நீங்க உங்க வரிசைக்குத்தான மொதல்ல உட்டுக்குவீங்க? அதுக்கு நான் வெச்சுருக்கறதே தேவலையில்லீங்களா?"

"நீங்க வெச்சிருந்தா எங்களுக்கு வரவே இல்லையே அங்கிள்! ஒங்க ரோசா வாடுனா ஒரு வாரத்துல பூத்துரும். எங்க சொவரு வாயப் பொளந்துகிட்டு நிக்கிது, அத யாரு மூடுவா?"

"ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்குதுங்க."

"மூணு தடவ ஃபைல் பண்ணுனேனே, அதுக்குப் பேரு என்னா?"

ஓட்டெடுப்பில் நான் எட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். அங்கிள் சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். நேராகப் பெட்டிக்குப் போனேன். காக்கா பதிந்ததை வரி பிசகாமல் பதிந்தேன். முதலில் எட்டு, பிறகு ஏழு, பிறகு ஆறு என்று ஒன்று வரைக்கும். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று அவருக்கு போன் போட்டேன். டயர் கடையில் புது வேலைக்குச் சேர்ந்திருந்தார். பின்னால் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"காக்கா, சாவி என் கையில்! நீங்கள் வைத்த முறையையே திரும்ப வைத்துவிட்டேன். எட்டில் ஆரம்பித்து ஒன்றில் முடிகிறது."

"தப்பு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கள் வைத்ததுதானே?"

"நான் வைத்தபோது எனக்கு அங்கே வீடு இல்லை. உனக்கு இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவருடைய முறை கடைசியில்தான் வர வேண்டும். எங்கள் ஊரில் மீராப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அவன் நல்லவனா கெட்டவனா என்று பார்க்க மாட்டார்கள். அவன் நிலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்க வேண்டும். எல்லோர் வயலையும் தாண்டித்தான் அவன் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும். நடுவில் யாருக்காவது சலுகை காட்டினால் அவன் பயிர்தான் சாகும். அதனால் காட்ட மாட்டான்." சத்தம் இல்லாத இடத்துக்கு நகர்ந்தார் போலிருக்கிறது, குரல் தெளிவானது. "என் நிலமும் கடைசியில்தான் இருந்தது. அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு துப்பாக்கிக்காரர்கள் தலைமதகுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். நல்ல நிலம். அதற்கடுத்த கோடையில்தான் அந்த மடையை மூடினேன். மூடியபோது எனக்கு எதுவும் காயவில்லை."

எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, நாலு பேர் முன்னால் கத்தி வாங்கிய சாவி. அதை வாங்கிய கையாலேயே என்னைக் கடைசிக்குத் தள்ளிக்கொள்ள வேண்டுமாம்.

"காக்கா, எங்கேயாவது ஐந்து நிமிடம் பிசகினால் பத்து மணிக்கு என் வீட்டில்தான் நிற்கும். என் சுவர்தான் போகும்."

"ஆமாம். அதற்காகத்தான்."

"என் வரிசையில் இன்னும் ஐந்து வீடு இருக்கிறது. அவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?"

"பெட்டிக்குக் காவல் இருக்க ஆறு வீடு கிடைத்தது என்று சொல். மாற்று. நான் லைனில் இருக்கிறேன்."

மாற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டைக் கடைசியில் போட்டேன். ஒன்பதரையிலிருந்து பத்து. மாற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

"இனி யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் நாள். காலையில் நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது அங்கிள் வாக்கிங் ஷூவோடு வந்தார். சிரித்தார். சண்டையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"அம்மிணி, ரோசா பூராவும் கருகிப்போச்சுங்க. ஒரு அஞ்சே அஞ்சு நிமிசம் மட்டும் நம்ம வரிசைக்குக் கூட்டி உட்டுருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

நான் பெட்டியைத் திறந்து முறையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"கடைசியில எங்க வரிசை போட்ருக்கேன், பாத்தீங்களா அங்கிள்? ஒங்களுக்குக் குடுக்குற அஞ்சு நிமிஷம் எங்க சொவத்துலேர்ந்துதான் போவணும்" என்றேன். "தர மாட்டேன்."